கதிருக்கு அளவு கண்ட கதை

மருந்துக்கு அளவு உண்டென்பது நம் முன்னோர் அறிந்த உண்மை. கதிருக்கும் அளவு வேண்டும் என்பதை மனிதன் கற்றதோ அண்மைக் காலத்திலேதான். அக்கல்விக்கு அவன் கொடுத்த விலை சிறிதன்று.

1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரிலே பேராசிரியர் றொஞ்சன் எக்ஸ்-கதிரைக் கண்டார். உலகம் வியந்தது. கண்ணுக்குத் தெரியாத அக்கதிர் உடலில் பட்டபொழுது வலிக்கவில்லை. ஆதலால் தீங்கும் செய்யாதெனப் பலர் நம்பினர். அமெரிக்காவில் எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி, கருவிகளைச் சோதிப்பதற்குத் தம் கையையே கதிரின்முன் நீட்டிவந்தார். கைகள் புண்பட்டன, புண் புற்றாயிற்று. கைகளை வெட்டியும் பயனின்றி 1904இல் அவர் இறந்தார். எடிசன் அவ்வாராய்ச்சியையே கைவிட்டார். இவ்வாறு உயிரிழந்த பலரின் பெயர்களைத் தாங்கிய நினைவுக்கல் 1936இல் ஹம்பர்க் நகரில் எழுந்தது.

அளக்க இயலாததைக் குறைப்பது எங்ஙனம்? 1928இல் ஸ்டொக்ஹோமிற் கூடிய மாநாடு கதிரை அளக்க 'றொஞ்சன்' என்னும் அலகை ஏற்றது. பாதுகாப்புக் குழுவொன்றையும் அமைத்தது. எனினும் முதலிற் கவனம் பெற்றவர் கருவியை இயக்குவோரே. நோயாளரின் முறை பின்னரே வந்தது. தாயின் வயிற்றில் இருக்கும்போது எக்ஸ்-கதிர் பட்ட பிள்ளைகளிடையே புற்றுநோய் மிகுதி என 1956இல் இங்கிலாந்தின் அலிஸ் ஸ்டுவர்ட் எடுத்துக்காட்டினார்.

1971இல் இலண்டனிலே ஹவுன்ஸ்பீல்டின் கணினிக் கதிர்ப்படக் கருவி, மூளைக்கட்டி இருக்குமென ஐயுறப்பட்ட பெண்ணொருவரின் தலையை முதன்முறையாகப் படமெடுத்தது. புற்றுநோய் வைத்தியத்தில் அது பெருந்துணை ஆயிற்று. ஆனால் வயிற்றுக்கு எடுக்கும் அத்தகைய படமொன்றின் கதிரளவு, சாதாரண நெஞ்சுப் படத்தினதைப்போல் நூறு மடங்குக்குக் குறையாது.

ஆகவே 1977இல் சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணைக்குழு மூன்று நெறிகளை வகுத்தது. தேவையின்றிக் கதிர் கொள்ளற்க. கொள்ளுமிடத்து இயன்றவரை குறைவாகக் கொள்க. தனியாளுக்குரிய வரம்பைக் கடவற்க. இறுதி வரம்பு நோயாளருக்கு விதிக்கப்படவில்லை. ஏனெனில், அஞ்சி விலக்கிய ஒரு படத்தினால் பரவிவரும் புற்று அறியப்படாது போகலாம். மிகையும் தீது, குறையும் தீது.

ஆதலின், நேயர்களே, வைத்தியர் படம் எடுக்கச் சொன்னால் அஞ்சி ஒதுங்காதீர்கள். "இப்படம் எதனை அறிவதற்கு?" எனப் பணிவுடன் கேளுங்கள். முன்னர் எடுத்த படங்களைப் பேணி உடன் கொண்டு செல்லுங்கள்; மறுமுறை எடுக்கும் தேவை அதனால் நீங்கலாம். டாலி போன்றோர் உயிர் கொடுத்து உணர்த்திய பாடத்தை நாம் போற்றும் வழி அதுவே.