பிள்ளைகளுக்காக வாழ்ந்த புனிதர்கள்: கத்தோலிக்கக் குடும்பங்கள் போற்றும் பெற்றோர்

ஜொகூர் பாரு: விடிவதற்கு முன்பே எழுந்து, பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு, பிள்ளைகள் தூங்கிய பிறகு வீடு திரும்பும் பெற்றோர் ஜொகூரில் ஏராளம். பல வீடுகளில் பிள்ளைக்குச் சோறூட்டிப் பள்ளிக்கு அனுப்புவது தாத்தா பாட்டிதான். எல்லாச் சமயத்தவர் வீட்டிலும் உள்ள பாடு இது. கத்தோலிக்கத் தமிழர்கள் இந்தப் பாட்டைச் சில புனிதர்களிடம் சொல்லி மன்றாடுகிறார்கள்.

புனிதர் என்றாலே துறவியர்தான் என்று நினைப்பவர்கள் உண்டு. குடும்பம் நடத்தி, பிள்ளை வளர்த்து அந்நிலையை அடைந்தவர்களும் திருச்சபையில் இருக்கிறார்கள். அவர்களில் சிலரைப் பற்றிய குறிப்புகள் இங்கே.

சூசையப்பர்

இயேசுவின் வளர்ப்புத் தந்தை, தச்சுத் தொழிலாளி. யோசேப்பு என்ற பெயர் தமிழர் நாவில் சூசை ஆகி, 'அப்பர்' என்ற மரியாதையும் சேர்ந்துகொண்டது. நற்செய்தி நூல்களில் அவர் பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. செய்தவை மட்டுமே உள்ளன. ஏரோது மன்னன் குழந்தையைக் கொல்லத் தேடியபோது, இரவோடு இரவாகத் தாயையும் பிள்ளையையும் எகிப்துக்கு அழைத்துச் சென்றார். 12 வயதில் எருசலேமில் தவறிப்போன மகனை மரியாளோடு சேர்ந்து தேடிக் கண்டுபிடித்தார்.

வீரமாமுனிவர் 1726-இல் எழுதி முடித்த 'தேம்பாவணி' காப்பியத்தின் தலைவன் இவரே. 3 காண்டம், 36 படலம், 3,615 பாடல்கள் கொண்ட அந்நூலில் இவருக்கு 'வளன்' என்று பெயர். நற்செய்தியில் வாய் திறக்காத ஒரு தகப்பன், தமிழில் காப்பியத் தலைவன் ஆனார்.

திருநாள் மார்ச் 19. தொழிலாளர் தினமான மே 1-இலும் இவரை நினைவுகூரும் வழக்கத்தை 1955-இல் போப் 12-ஆம் பயஸ் தொடங்கிவைத்தார். ஜொகூரில் பிளெந்தோங் தேவாலயம் இவர் பெயரில் உள்ளது.

அன்னம்மாள், சுவக்கின்

மரியாளின் பெற்றோர், இயேசுவின் பாட்டி, தாத்தா. இவர்கள் பெயர் பைபிளில் இல்லை. 2-ஆம் நூற்றாண்டு மரபிலிருந்து வருகிறது. நெடுங்காலம் பிள்ளையில்லாமல் ஏங்கியவர்கள், பிறந்த மகளை மூன்று வயதிலேயே ஆலயத்தில் காணிக்கையாக ஒப்படைத்தார்கள் என்கிறது அம்மரபு.

மலேசியாவில் அன்னம்மாள் என்றால் நினைவுக்கு வருவது பினாங்கு மாநிலத்தின் புக்கிட் மெர்தாஜாம் தேவாலயம். 2019-இல் பசிலிக்கா என்ற சிறப்பு நிலையைப் பெற்ற இத்தலத்தின் ஜூலைத் திருவிழாவில் பிற சமயத்தவரும் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். திருநாள் ஜூலை 26. அதையொட்டி, ஜூலை நான்காம் ஞாயிறு 2021 முதல் தாத்தா பாட்டியருக்கான உலக தினமாகத் திருச்சபையில் கொண்டாடப்படுகிறது.

மோனிக்கா

இன்றைய அல்ஜீரியாவில் 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாய். மகன் அகுஸ்தின் கெட்டிக்காரர். ஆனால் தாயின் விசுவாசத்தை உதறி வேறு வழியில் போனார். தாயிடம் பொய் சொல்லிவிட்டு ரோமுக்குக் கப்பல் ஏறியதை அவரே பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார். மோனிக்கா கடல் கடந்து மிலான் வரை போனார். சபிக்கவில்லை, வேண்டிக்கொண்டே இருந்தார். 387-இல், தம் 32-ஆம் வயதில், அகுஸ்தின் ஞானஸ்நானம் பெற்றார். அதே ஆண்டில் தாய் காலமானார். தாயின் திருநாள் ஆகஸ்ட் 27, மறுநாள் மகனுடையது.

லூயி, செலி மார்ட்டின்

பிரான்ஸ் நாட்டுத் தம்பதியர். கணவர் கடிகாரக்காரர், மனைவி லேஸ் பின்னல் தொழில் நடத்தியவர். ஒன்பது பிள்ளைகளில் நால்வரைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தார்கள். 1877-இல் செலி மார்பகப் புற்றுநோயால் இறந்தபோது கடைக்குட்டி தெரேசாவுக்கு வயது நான்கு. ஐந்து மகள்களையும் லூயி தனியாக வளர்த்தார். ஐவருமே துறவறம் பூண்டார்கள். 'சிறுமலர்' என்று தமிழர் போற்றும் புனித தெரேசா அவர்களில் ஒருவர். 2015 அக்டோபர் 18-இல் பெற்றோர் இருவரும் ஒன்றாகப் புனிதர் பட்டம் பெற்றனர். தம்பதியராகச் சேர்ந்து இப்பட்டம் பெற்றவர்களில் இவர்களே முதல்வர். திருநாள் ஜூலை 12.

ஜியன்னா பெரெத்தா மோல்லா

இத்தாலியக் குழந்தை மருத்துவர். மூன்று பிள்ளைகளின் தாய். நான்காவது பிள்ளையைச் சுமந்திருந்தபோது கருப்பையில் கட்டி கண்டுபிடிக்கப்பட்டது. கருவுக்குச் சேதம் வராமல் கட்டியை மட்டும் அகற்றும்படி கேட்டுக்கொண்டார். 1962 ஏப்ரல் 21-இல் மகள் பிறந்தாள். ஒரு வாரத்தில், 39 வயதில், தாய் மறைந்தார். 2004-இல் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டபோது கணவரும் பிள்ளைகளும் நேரில் இருந்தனர். திருநாள் ஏப்ரல் 28.

பொதுவாக நிற்பது

இவர்களில் யாருடைய வீடும் குறையற்ற வீடு அல்ல. ஒரு வீட்டில் வளர்ப்புத் தகப்பன், ஒரு வீட்டில் சொல் கேளாத மகன், இன்னொரு வீட்டில் தாயில்லாப் பிள்ளைகள். ஆனாலும் பிள்ளையைத் தம் உடைமையாக இவர்கள் நினைக்கவில்லை. பட்ட கஷ்டத்துக்குக் கணக்குக் கேட்கவுமில்லை.

அதனால்தான், பேரப்பிள்ளைக்குத் தாயாக நிற்கும் பாட்டியும், பெறாத பிள்ளைக்குத் தகப்பனாக நிற்கும் மனிதரும், தமக்கு முன்னே அதே வழியில் நடந்த ஒருவரை இந்தப் பட்டியலில் காண முடிகிறது.