படுகளத்தில் துணைப்பாத்திரங்கள்

கொங்கு நாட்டு உடுக்கைப் பாட்டில் அண்ணன்மார் கதையை நடத்த இரண்டு பேர் போதும். ஒருவர் உடுக்கையடித்துப் பாடுவார், இன்னொருவர் பின்பாட்டு. கதைக்குள்ளோ ஆட்களுக்குக் குறைவில்லை. அண்ணன்மார் பொன்னரும் சங்கரும், தங்கை தங்காள், பெற்றோர் குன்றுடையாக் கவுண்டரும் தாமரை நாச்சியும், கூடவே திரியும் சாம்புவன், எதிரே வேட்டுவர் படையும் தலையூர்க் காளியும், அவ்வப்போது மாறுவேடத்தில் வந்துபோகும் மாயவர், காட்டில் தவமிருக்கும் பெரியகாண்டி, கொம்பன் என்கிற காட்டுப்பன்றி, பொன்னாச்சி என்கிற குட்டிப் பெட்டை நாய், ஒரு ஜோடிக் கிளி. இத்தனை பேருக்கும் அந்த இரண்டு தொண்டைகள்தான். கணினி வழியே பலர் கூடி ஆடும் அமானுஷ்ய விளையாட்டுகளில் நாயகர் அல்லாதவர்களை யார் பேசவைப்பது, எப்படிப் பேசவைப்பது என்பது இன்று தனித்தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. அதே வேலையைத்தான் கோவில் வாசலில் உடுக்கைக்காரர் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தார்.

சூலூர், பல்லடம், காங்கேயம் வட்டாரங்கள் இந்தக் கதை ஆழ வேரோடிய மண். மக்கள் அதைக் கேட்டே அறிந்தார்கள். அச்சுக்கு வந்தது பிந்தித்தான். கவிஞர் சக்தி கனல் பதிப்பித்த அண்ணன்மார் சுவாமி கதை 1971இல் வெளிவந்தது. அதற்கு முன்பே 1965இல், மானிடவியல் ஆய்வுக்காகக் காங்கேயம் பகுதி ஓலப்பாளையத்தில் தங்கியிருந்த பிரெண்டா பெக், இரவுக்கு இரவு நடந்த பாட்டை ஒலிநாடாவில் பதிவுசெய்தார். கதையை ஆராயும் அவரது ஆங்கில நூல் 1982இல் வந்தது. தமிழ்ப் பாடமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்ந்த பதிப்பு 1992இல் சென்னையில் வெளியானது. ஒரே இரவில் முடிகிற கதை இல்லை என்பதால், மறுநாள் இரவும் கூட்டத்தை வரவழைப்பது பாடுகிறவரின் பொறுப்பாக இருந்தது.

அந்தப் பொறுப்பைச் சுமந்தவை துணைப்பாத்திரங்கள். அண்ணன்மாரின் முடிவு ஊருக்கே தெரியும். பதினாறு வயதில் மாள்வார்கள் என்பது பிறக்கும்போதே விதிக்கப்பட்ட வரம். பாடுகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சங்கரைப் பிழைக்கவைக்க முடியாது. வைத்தால் கேட்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள். நீட்டவும் குறுக்கவும், சிரிக்கவைக்கவும் அழவைக்கவும் அவருக்குக் கை இருந்தது நாயையும் கிளியையும் தோழனையும் வைத்துத்தான். பின்பாட்டுக்காரரும் ஒருவகையில் துணைப்பாத்திரமே. அடியின் கடைசியைத் திருப்பிப் பாடுவார், ஆமாம் போடுவார், அடுத்தது என்ன என்று கேட்பார். கேள்வி அவருடையதானாலும் அது கூட்டத்தின் சார்பில் கேட்கப்படுவது.

பொன்னாச்சியின் கதை இந்தக் கலையின் உச்சம். வேட்டுவர் தங்கை வீரத்தங்காள் செல்லமாய் வளர்த்த கொம்பனைக் கொல்ல அண்ணன்மார் வேட்டைநாய்களோடு கிளம்புகிறார்கள். பொன்னாச்சி சின்ன நாய், போதாததற்குப் பெட்டை. அதை யாரும் அழைக்கவில்லை. அழையாத அவமானத்தில் அது சாபமிடுகிறது. போன இடத்தில் ஆட்களுக்கும் நாய்களுக்கும் நோய் வந்து வேட்டை நின்றுபோகிறது. காரணம் தெரிந்ததும் ஆளனுப்பி மன்னிப்புக் கேட்டு, மரியாதையோடு அதை அழைத்துவர வேண்டியிருக்கிறது. கடைசியில் மற்ற நாய்களால் ஆகாததை இந்தக் குட்டி நாய் முடிக்கிறது. பன்றியின் விதையைக் கவ்விப் பிடித்து, சங்கர் வேலெறிய வழிசெய்கிறது. இதில் நாயகனுக்குக் கிடைப்பது கடைசி ஒரு குத்து மட்டுமே. கல்யாண வீட்டில் அழைக்க மறந்த பங்காளியால் என்னென்ன வரும் என்பது தெரிந்த ஊர்களில் இந்தப் பகுதி எப்படிக் கேட்கப்பட்டிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

சாம்புவன் வேறு மாதிரி. சாதி வரிசையில் பறையர்; கதையில் அண்ணன்மாரின் வலக்கை. பறை முழக்குவது, தூது போவது, முன்னே போய் வழி பார்ப்பது, ஆபத்தான காரியங்களைத் தலையில் போட்டுக்கொள்வது எல்லாம் அவன். போர் முடிந்த பிறகு மாயவரின் பூ அம்பு பட்டு, தன் காலம் முடிந்ததென்று உணர்ந்த சங்கர் வாளில் பாய்ந்து மாள்கிறான். பின்னாலேயே பொன்னரும் மாள்கிறான், சாம்புவனும் உயிர்விடுகிறான். கதை அவனுக்கு நாயகர்களின் சாவைக் கொடுத்தது, நாயகர்களின் நிலத்தைக் கொடுக்கவில்லை. கொங்குச் சமூகம் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்ட சாட்சியமாக இதைப் படிப்பதே பொருத்தம். விசுவாசம் என்று பாடப்படும் இடங்களில் உழைப்பின் கணக்கும் சேர்ந்தே கிடக்கிறது.

பாட்டு வேடமாக மாறும் இடம் படுகளம். அண்ணன்மார் வழிபாடு உள்ள ஊர்களில், சிறப்பாக மணப்பாறை அருகே வீரப்பூரைச் சுற்றிய பகுதியில், திருவிழாக் காலத்தில் நாயகர்களின் சாவை ஊரார் தங்கள் உடம்பிலேயே நிகழ்த்துகிறார்கள். உடுக்கை முறுகும்போது அருள் வந்தவர்கள் ஒவ்வொருவராகக் களத்தில் சாய்கிறார்கள். இதைப் படுகளம் சாய்தல் என்பார்கள். சாய்ந்தவர்களை வரிசையாகக் கிடத்தி வெள்ளைத் துணி போர்த்துவார்கள். வீட்டார் சுற்றி உட்கார்ந்து அழுவார்கள். அந்த அழுகையை நடிப்பு என்று சொல்லிவிட முடியாது. பிறகு தங்காளாக நிற்கும் பெண் வந்து புனித நீர் தெளித்து அவர்களை எழுப்புகிறாள். கதையிலும் அப்படித்தான்: தங்காள் பிணங்களைத் தேடி நடந்து, பெரியகாண்டியின் துணையோடு அண்ணன்மாரைச் சற்று நேரம் உயிர்ப்பிக்கிறாள். இங்கே கவனிக்க வேண்டியது வேடப் பங்கீடு. வீரராக விழ ஆட்கள் பலர் உண்டு. எழுப்புகிற வேடம் ஒன்றுதான். துணைப்பாத்திரம் வராவிட்டால் நாயகர்கள் மண்ணில் கிடக்க வேண்டியதுதான்.

மேற்கே இதற்கு ஒப்பான வேலைப் பங்கீடு பக்தியிலிருந்து வரவில்லை, மேசைப் போர் விளையாட்டிலிருந்து வந்தது. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில், சுற்றி உட்கார்ந்தவர்கள் ஆளுக்கொரு வீரனை எடுத்துக்கொண்டார்கள். மீதியுள்ள கடைக்காரன், கூலியாள், பேய், தேவதை எல்லாம் ஆட்டத்தை நடத்துகிறவர் வாயிலிருந்து வந்தன. உடுக்கைக்காரரின் இடம் அது. கூலிக்கும் விசுவாசத்துக்கும் விதிகள் இருந்தன: எத்தனை ஆட்கள் ஒரு வீரன் பின்னால் வருவார்கள், ஆபத்தில் நிற்பார்களா ஓடுவார்களா என்பதைப் பகடை சொல்லும். பொன்னாச்சிக்கு அந்தப் பகடை தேவைப்படவில்லை. சாபம் போதுமானதாக இருந்தது. 1991இல் மார்க் ரெயின்-ஹேகன் உருவாக்கிய வேம்பயர்: தி மாஸ்கரேட் அமானுஷ்யத்தை நகரத்துக்குக் கொண்டுவந்தது. இரத்தம் குடிக்கும் நாயகனுக்குப் பணியாள், கூட்டாளி, குரு என்று துணைகளை ஆடுகிறவரே புள்ளி கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

கணினிக்கு ஆட்டம் வந்தபோது நடத்துகிறவர் காணாமல் போனார். இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் 1978இல் தொடங்கிய மட் என்ற எழுத்து விளையாட்டில் பலர் ஒரே உலகத்துக்குள் நுழைந்தார்கள்; ஆனால் வழியில் நிற்பவர்களுக்கு வாய் கொடுக்க மனிதர் இல்லை, நிரல்தான் இருந்தது. பின்னாளில் டைனிமட் என்ற அதே வகை விளையாட்டு உலகத்தில் மைக்கேல் மால்டின் ஜூலியா என்ற நிரலை உலவவிட்டார். அது வழி சொல்லும், வம்பு பேசும், யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிவிக்கும். அதை மனுஷி என்று நம்பிப் பேசியவர்கள் உண்டு. உரையாடும் நிரலுக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயரின் மூல வடிவத்தை மால்டின் 1994இல் இந்த வேலையின் தொடர்ச்சியாகத்தான் உண்டாக்கினார். அரட்டை நிரல்களின் குலத்தில் ஒரு துணைப்பாத்திரம் இப்படி முன்னோடியாக நிற்கிறது.

2004இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் செத்த வீரனின் ஆவி இடுகாட்டில் எழும். அங்கே சிறகோடு நிற்கும் ஓர் உருவம் உயிர் கொடுக்கும். செயலளவில் தங்காளின் வேலையேதான். அழுகை இல்லை, தேடி நடந்த பாதை இல்லை, இரவெல்லாம் காத்த சொந்தக்காரர் இல்லை. ஒரு சொடுக்கில் காரியம் முடிகிறது. வேறுபாடு இன்னும் ஆழமானது. உடுக்கைப் பாட்டில் நாயகன் கட்டப்பட்டவன், துணைகள் கட்டற்றவை. கணினி ஆட்டத்தில் நாயகன் நினைத்த திசையில் ஓடுகிறான். துணைகள் எழுதிக்கொடுத்த நாலு வசனத்தையே நாள்தோறும் சொல்லிக்கொண்டு அதே மூலையில் நிற்கின்றன. ஆட்களாகக் கூடி எழுத்தில் ஆடும் குழுக்கள் இதைச் சரிசெய்ய ஒரே வழிதான் கண்டன: துணைப்பாத்திரங்களையும் மனிதர் கையில் கொடுப்பது. ஒருவரே நாலைந்து வேடம் கட்டுவார். குரல் மாறவில்லையென்றால் பிடிபட்டுவிடுவார், உடுக்கைக்காரர் பிடிபடுவதைப் போலவே.

சூலூர்ப் பக்கம் உடுக்கைப் பாட்டின் இரவுகள் குறைந்ததற்கு விளையாட்டுகள் காரணமல்ல. சோமனூர் வட்டாரத்தில் விசைத்தறிகள் இரவிலும் ஓடத் தொடங்கியதும், சினிமாவும் தொலைக்காட்சியும் வந்ததும் போதும். கதை ஒலிநாடாவாகி விற்றது, மு. கருணாநிதி அதை நாவலாக எழுதினார். 2011இல் தியாகராஜன் இயக்கத்தில் பிரசாந்த் இரட்டை வேடமிட்ட பொன்னர் சங்கர் திரைக்கு வந்தது. பிரெண்டா பெக் தம் பழைய பதிவுகளிலிருந்து 26 பகுதிகள் கொண்ட அசைபடத் தொடர் ஒன்றை உருவாக்கினார். நாயும் பன்றியும் கிளியும் அதில் தங்கள் முழு அளவுக்குத் திரும்பின. படத்தைவிட அசைபடமே கதையின் கணக்கைச் சரியாகப் பிடித்தது என்று சொல்லலாம்.

சூலூரைத் தாண்டும் திருச்சி சாலையே பல்லடம், காங்கேயம், கரூர் வழியாக வீரப்பூர்ப் பக்கம் கொண்டுபோய்விடும். மாசித் திருவிழாவில் வேடபரி என்னும் ஊர்வலத்தன்று பொன்னர் குதிரையிலும் பெரியகாண்டி யானையிலும் புறப்படுவதைப் பார்க்கக் கூட்டம் நெருக்கியடிக்கும். போகிறவர்கள் அந்த நெரிசலில் சாம்புவனையும் ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டு வரலாம்.