மழையை அளந்து பயிரிடும் ஊர்

இரண்டு நாள் நீர் விநியோகத் தடைக்கே நாம் வாளியோடு தவிக்கிறோம். ஆண்டுக்கணக்கில் அவ்வாறு வாழ்ந்த சிற்றூர் ஒன்றின் வரலாற்றை நான் வகுப்பில் சொல்வதுண்டு. அது இந்தியாவின் மகாராட்டிர மாநிலத்திலுள்ள ஹிவ்ரே பஜார்.

அங்கு ஆண்டு மழை ஏறத்தாழ 400 மில்லிமீட்டர்தான். 1972ஆம் ஆண்டுப் பஞ்சத்திற்குப் பின் கிணறுகள் வறண்டன. உழவர் பலர் கூலி வேலை தேடி நகரங்களுக்குப் பெயர்ந்தனர். 1989இல் போபட்ராவ் பவார் என்னும் பட்டதாரி ஊராட்சித் தலைவரானார். ஊரார் கூடி உழைத்துக் குன்றுச் சரிவுகளில் பள்ளங்கள் வெட்டி, மழைநீரை நிலத்துள் இறக்கினர்.

தடுப்பணைகள் எத்தனையோ ஊர்களில் உண்டு. என்னை வியக்கவைப்பவை இவ்வூரார் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட தடைகளே. கரும்பு பணம் தரும் பயிர். ஆயினும் நீரை அதிகம் குடிப்பதால் அதையும் வாழையையும் கைவிட்டனர். பாசனத்திற்கு ஆழ்துளைக் கிணறு தோண்டலாகாது என்றும் முடிவெடுத்தனர். பெய்த மழையை ஆண்டுதோறும் அளந்து, மக்களின் குடிநீருக்கும் கால்நடைக்கும் முதலில் ஒதுக்கி, எஞ்சிய நீருக்கேற்பவே பயிரைத் தீர்மானிக்கின்றனர். (இதைவிட நல்ல கணிதப் பாடம் உண்டோ?)

புல் வளர்ந்தது; பால் பெருகியது. நகருக்குச் சென்ற குடும்பங்கள் பல மீண்டும் ஊர் திரும்பின.