பால்மரமும் பாட்டும்

புக்கிட் பெலண்டோக் என்றால் பலருக்கும் 1999தான் ஞாபகம் வரும். நீபா வைரஸ், காலியான பன்றிப் பண்ணைகள், நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட சாவுகள். ஆனால் அந்த வட்டாரத்தில் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ரப்பர் தோட்டங்களும் லயங்களும் இருந்தன. நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்தின் அந்தப் பழைய வரலாற்றில் பாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

இயற்கையைப் பார்த்தால் கற்பனை ஊறும் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். தோட்டத்தில் எது இயற்கை? பால்மரமே இந்த மண்ணுடையது இல்லை. பிரேசில் விதை 1876இல் லண்டன் கியூ பூங்காவுக்குப் போனது. அங்கே முளைத்த கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. 1890களில் மரத்துக்குச் சேதமில்லாமல் பால் எடுக்கும் முறையை ரிட்லி வகுத்தார். அப்புறம் காடு போனது, மரங்கள் நிரை பிடித்து நின்றன. தஞ்சாவூர், திருச்சி, சேலம், வடஆர்க்காட்டுப் பக்கமிருந்து கங்காணிகள் ஆள் கட்டினார்கள். 1938இல் இந்திய அரசு தடுக்கும்வரை இது நடந்தது.

வந்தவர்கள் கையில் இருந்தது நடவுப்பாட்டு, ஏற்றப்பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி. நடவில் ஒருத்தர் எடுத்துக் கொடுக்க மத்தவங்க வாங்கிப் பாடலாம். மரம் வெட்டு அப்படியில்லை. ஆளுக்கு இத்தனை மரம் என்று பிரித்த தனியாள் வேலை. விடியுமுன்னே பெரட்டு. மரத்துக்குள் நீரழுத்தம் அதிகாலையில்தான் கூடுதல். வெயில் ஏற ஏற மங்கில் விழும் பால் குறையும். அந்த அவசரத்தில் கூட்டுப்பாட்டுக்கு ஏது இடம்? ஆனாலும் பழைய மெட்டுகள் சாகவில்லை. கப்பலும் கங்காணியும் துரையும் பால்மரமும் அவற்றுக்குள் வந்து உட்கார்ந்தன.

பட்டை நனைந்தால் வெட்டு இல்லை. மழை அழகுதான், ஆனால் அன்னிக்குக் கூலி போச்சு. பிப்ரவரி, மார்ச்சில் இலை சிவந்து உதிரும். வேடிக்கை பார்க்கிறவருக்கு அது காட்சி, வெட்டுறவங்களுக்குப் பால் குறையுற மாசம். இரண்டையும் ஒன்றாகப் பார்த்த கண்தான் பாட்டுக் கட்டியது. தொல்காப்பியமும் கருப்பொருளில் மரம், பறவை, பறையோடு தொழிலையும் சேர்த்தே சொல்கிறது. அந்தக் கணக்கில் தோட்டமும் ஒரு நிலம்தான். பிரேசில் மரம் அதன் கருப்பொருள்.

இப்போது பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயத்து ஜனங்கள் தாமான் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். மரம் வெட்டிய தலைமுறைக்கு வயதாகிவிட்டது. எழுதுவதற்கு இயற்கையைத் தேடி மலையேறுகிற நம்மாளுங்க, பக்கத்துத் தாமானில் இருக்கும் ஒரு பாட்டியிடம் போய் உட்காரலாம். பாட்டின் வரியை மட்டும் எழுதிக்கொண்டு வந்தால் பாதிதான் கிடைக்கும். எந்த வேலைக்கு நடுவில், எத்தனை மணிக்கு, யார் காதில் விழாமல் பாடினீங்க என்பதையும் கேட்டு எழுத வேண்டும். அவங்க போய்விட்டால் அதைச் சொல்ல வேறு ஆள் இல்லை.