செஞ்சிக் கதையும் இளையோர் துயரமும்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில் ஏறத்தாழ 28 கிலோமீட்டர் மேற்கே சென்றால், பாறைகளை அள்ளிக் குவித்தாற்போன்ற மூன்று குன்றுகள் தோன்றும். இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்பன அவற்றின் பெயர்கள். இம்மூன்றையும் மதிலால் வளைத்துக் கட்டப்பட்டதே செஞ்சிக் கோட்டை. 2025ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம், மராட்டியர் காலத்துப் படையரண்களின் வரிசையில் இதனையும் உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. எனினும், விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து மக்களுக்கு இக்கோட்டை நினைவூட்டுவது மராட்டியரைக் காட்டிலும் ஓர் இளைஞனையே. அவன்தான் தேசிங்குராசன்.

பெரிய எழுத்துப் புத்தகமாகச் சந்தைகளில் விற்ற கதை அவனுடையது. விடிய விடியத் தெருக்கூத்தாக ஆடப்பட்டதும், 1960இல் திரைப்படமாக வந்ததும் அக்கதையே. இளமை, காதல், நட்பு, சாவு ஆகிய நான்கும் அதில் உண்டு. தலைமுறை தலைமுறையாக இளைஞர்கள் அதைக் கேட்டுக் கண்ணீர் வடித்திருக்கிறார்கள். அந்தக் கண்ணீருக்குக் காரணமான வரலாறு யாது? அதிலிருந்து இன்றைய மாணவர் கற்க வேண்டுவது யாது? இவ்விரண்டையும் இங்கே காண்போம்.

1698ஆம் ஆண்டில் மொகலாயப் படை மராட்டியரிடமிருந்து செஞ்சியைக் கைப்பற்றியது. அதன்பின், பண்டேல்கண்டைச் சேர்ந்த இராசபுத்திரரான சொரூப்சிங் என்பவர் அக்கோட்டையின் தலைவராக நியமிக்கப்பட்டார். ஆர்க்காட்டு நவாபுக்கும் அவருக்கும் கப்பப்பணம் தொடர்பாகப் பூசல் இருந்துவந்தது. 1714இல் சொரூப்சிங் இறந்தார். செய்தி கேட்டு வடநாட்டிலிருந்து வந்தவனே அவருடைய மகன் தேஜ்சிங். அப்பெயரே தமிழர் நாவில் தேசிங்கு ஆயிற்று. தந்தையின் பதவி தனக்கு உரியது என்றான் அவன். பேரரசரின் புதிய ஆணையின்றி அது செல்லாது என்றும், நிலுவைப் பணத்தைக் கட்டவேண்டும் என்றும் நவாபு சாதத்துல்லாகான் வற்புறுத்தினார். 1714 அக்டோபர் 3ஆம் நாள் போர் மூண்டது. நவாபின் பெரும்படையை ஒரு சிறு குதிரைப்படையோடு எதிர்த்து நின்ற தேசிங்கு அன்றே மாண்டான். அப்போது அவனுக்கு வயது 22. அவனுடைய உயிர்த்தோழனாகிய முகம்மதிய வீரன் மகபத்துகானும் அதே போரில் உயிர் துறந்தான்.

சுருங்கச் சொன்னால் இது வரிப்பணம் பற்றிய வழக்கு. நாட்டுப் பாடகனோ வரிப்பணத்தைப் பாடவில்லை. திருமணச் சடங்கு நடந்துகொண்டிருக்கும்போதே செய்தி கேட்டு, மணக்கோலத்தோடு குதிரையேறிப் போர்க்களம் புகும் தோழனைப் பாடினான். இளம் மனைவியிடம் விடைபெற்றுச் செல்லும் கணவனைப் பாடினான். இந்துவும் முகம்மதியனும் உடன்பிறந்தார்போல் வாழ்ந்து ஒரே நாளில் மடிந்ததைப் பாடினான். அரசாங்கக் குறிப்புகள் சொல்லாமல் விட்ட துயரத்தைப் பாட்டு சொல்லிற்று. ஊரார் ஒன்றுகூடி அழுவதற்கு அது ஓர் இடமளித்தது. இது கதைப்பாடலின் பெருமை.

ஆனால் அக்கதையில் நாம் நின்று நோக்கவேண்டிய ஓரிடம் உண்டு. தேசிங்கின் மனைவியைக் கதை இராணிபாய் என்று அழைக்கிறது. கணவனின் சிதையில் அவளும் உயிர்விட்டாள். செஞ்சிக் கோட்டைக்குள் செட்டிக்குளத்தின் கரையில் அந்த இடத்தை இன்றும் காட்டுகிறார்கள். போரில் வென்ற சாதத்துல்லாகானே அவளுடைய நினைவைப் போற்றும் வகையில் ஆர்க்காட்டுக்கு எதிரே, பாலாற்றின் வடகரையில் ஓர் ஊரை அமைத்து அதற்கு இராணிப்பேட்டை என்று பெயரிட்டார் என்பர். 2019இல் அவ்வூர் ஒரு மாவட்டத்தின் தலைநகராயிற்று.

இறந்த பெண்ணுக்கு ஓர் ஊரே நினைவுச்சின்னமாயிற்று. உயிரோடிருந்த பெண்ணுக்கு என்ன கிடைத்தது? அவள் நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பிறந்த நாடு நெடுந்தொலைவில் இருக்கிறது. சுற்றிலும் வழங்குவது வேற்றுமொழி. மாமனார் இறந்த அதே ஆண்டில் கணவனும் இறந்துவிட்டான். கோட்டை பகைவர் கைக்குப் போகிறது. அந்நேரத்தில் வழக்கம் அவளுக்குக் காட்டிய வழி ஒன்றே. அதற்கு அது கற்பு என்றும் வீரம் என்றும் பெயர் சூட்டியிருந்தது. பெருந்துயரில் ஆழ்ந்த இளம் உள்ளம், இனி எதிர்காலமே இல்லை என்று நம்பிவிடும். அது துயரம் சொல்லும் சொல். உண்மையின் சொல் அன்று. அவ்வேளையில் அருகில் இருப்போர் அச்சொல்லை மறுக்கவேண்டும். வழக்கமோ அதற்கு ஆமாம் போட்டது.

தமிழ் மரபில் மறுப்புக்குரல் இல்லாமற் போகவில்லை. புறநானூற்றின் 246ஆம் பாட்டு, பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு தீப்பாயத் துணிந்தபோது பாடியது. அப்பாட்டு அவளைத் தடுத்த சான்றோரை நோக்கியே தொடங்குகிறது. அரசியின் உறுதியைப் புகழ்ந்து பேசுவோர் பலர். வேண்டாம் என்று குறுக்கே நின்ற அச்சான்றோரை நினைப்பவர் சிலரே. நாம் அவர்களையும் நினைக்கவேண்டும்.

இளையோரின் காதலையும் துயரையும் சொல்லும் கதைகளுக்கு உள்ள ஆற்றலை மேனாடுகளும் கண்டிருக்கின்றன. 1774இல் ஜெர்மானியக் கவிஞர் கதே, காதலில் தோற்று உயிரை மாய்த்துக்கொள்ளும் இளைஞன் ஒருவனைப் பற்றி ‘வெர்தர்’ நாவலை எழுதினார். ஐரோப்பா முழுவதும் இளைஞர்கள் அக்கதைத் தலைவனைப்போல் உடையணியத் தொடங்கினர். அவன் முடிவையும் பின்பற்றுவர் என்று அஞ்சி, லைப்சிக் நகரம் 1775இல் அந்நூலைத் தடை செய்தது. சாவை அழகுபடுத்திச் சொல்லும் செய்தி பிறரையும் அவ்வழியில் தூண்டக்கூடும் என்பதை 1974இல் ஓர் அமெரிக்க ஆய்வாளர் புள்ளிவிவரத்தோடு காட்டி, அதற்கு வெர்தர் விளைவு என்றே பெயரிட்டார். இதற்கு மறுபக்கமும் உண்டு. மோசார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ என்னும் இசைநாடகத்தில், காதலியை இழந்துவிட்டதாக எண்ணி உயிர்விடத் துணியும் பாப்பகேனோவை மூன்று சிறுவர்கள் தடுத்து, வேறு வழி இருப்பதை நினைவூட்டுகிறார்கள். துயரைக் கடந்து வாழ்ந்தவரின் கதை பிறரைக் காக்கக்கூடும் என்பதற்கு, 2010இல் வெளிவந்த ஆய்வொன்று அந்தப் பாத்திரத்தின் பெயரையே இட்டது.

நம் நாட்டிலும் வேறு வழி பிறந்தது. உடன்கட்டை ஏறுதல் 1829இல் வங்காளத்திலும் 1830இல் சென்னை மாகாணத்திலும் சட்டத்தால் தடுக்கப்பட்டது. சட்டம் தீயை அணைத்தது. துயரத்தை ஆற்ற மனிதர் வேண்டியிருந்தது. 1886இல் பிறந்த சுப்புலட்சுமி, 11 வயதில் மணம் செய்விக்கப்பட்டு விரைவிலேயே கைம்பெண் ஆனார். அவருடைய பெற்றோர் அவரை மூலையில் உட்காரவைக்காமல் படிக்கவைத்தனர். 1911இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்ற அவர், மறு ஆண்டே தம்மைப்போன்ற இளம் கைம்பெண்களுக்கு எழும்பூரில் ஓர் இல்லம் தொடங்கினார். சகோதரி சுப்புலட்சுமி என்று நாடு போற்றியது அவரைத்தான். இராணிபாய்க்குக் கிடைக்காத இரண்டு அவருக்குக் கிடைத்தன: உடன்நின்ற பெற்றோர், கையில் ஒரு புத்தகம். அவ்விரண்டும் எத்தனையோ பெண்களின் வாழ்வை மீட்டன.

இன்று மருத்துவம் மேலும் தெளிவு தருகிறது. அன்புக்குரியவரை இழந்தவர் அழுவது நோயன்று, அது இயல்பு. ஆனால் மாதங்கள் பல கடந்தும் துயரம் தணியாமல், உண்ணவும் படிக்கவும் பிறரோடு பழகவும் முடியாத நிலை நீடிக்குமானால், அதற்கு மருத்துவம் உண்டு. 2022இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் இந்நிலையைத் தனியாகக் குறிப்பிடுகிறது. மனநல உதவி பெறுவது ஒவ்வொருவருடைய உரிமை என்று 2017ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் கூறுகிறது. 2022 அக்டோபர் முதல் 14416 என்ற தொலைபேசி எண்ணில் அரசாங்கமே இலவசமாக ஆலோசனை வழங்கி வருகிறது.

மாணவர்களே, செஞ்சிக் குன்றின்மீது ஏறுங்கள். தேசிங்கின் கதையைப் படியுங்கள். இந்துவும் முகம்மதியனும் கொண்டிருந்த அந்த நட்பைப் போற்றுங்கள். கண்ணீர் வந்தால் வரட்டும். செட்டிக்குளத்தின் கரையில் மட்டும் சற்று நின்று, அந்தப் பெண்ணிடம் யாரேனும் ஒருவர் “போகாதே அம்மா, எங்களோடு இரு” என்று சொல்லியிருக்கலாகாதா என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் வகுப்பில், விடுதியில், தெருவில் துயரத்தால் வாய்மூடி இருக்கும் நண்பர் ஒருவர் இருக்கக்கூடும். அவர் அருகில் அமர்ந்து அந்தச் சொல்லைச் சொல்லுங்கள். அவருடன் துணையாகப் பெரியவரிடமோ மருத்துவரிடமோ செல்லுங்கள். அத்துயரம் உங்களுடையதே ஆனாலும், அதனை ஒருவரிடமேனும் வாய்திறந்து சொல்லுங்கள்.