மும்பை வாகனங்கள் எரிவாயுவுக்கு மாறியது எப்படி? குப்பையிலிருந்து எரிபொருள் எடுக்கும் திட்டம் எங்கே நிற்கிறது?

மும்பை: பெட்ரோல், டீசல் வாகனங்களைப் படிப்படியாக விலக்கிவிட்டு, சிஎன்ஜி மற்றும் மின்சார வாகனங்களை மட்டும் அனுமதிக்க இயலுமா என்பதை ஆராயக் குழு அமைக்குமாறு மும்பை உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் மகாராஷ்டிர அரசுக்கு உத்தரவிட்டது. அதன்படி 7 பேர் கொண்ட குழுவை அரசு அமைத்தது. அதே ஆண்டு நவம்பரில் ட்ராம்பேயில் எரிவாயுக் குழாய் ஒன்று சேதமடைந்தபோது, ஆட்டோ, டாக்ஸி ஓட்டுநர்கள் சிஎன்ஜி நிலையங்களின் முன் நீண்ட வரிசையில் காத்திருக்க நேர்ந்தது.

எரிவாயுவை நகரம் எவ்வளவு நம்பியுள்ளது என்பதையும், அந்த வாயு வரும் வழி எவ்வளவு குறுகியது என்பதையும் இவ்விரு நிகழ்வுகளும் எடுத்துக்காட்டின. தமிழர்கள் பெருமளவில் வாழும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்று பகுதிகளுக்கும் இந்த எரிபொருள் வரலாற்றில் நேரடித் தொடர்பு உண்டு.

சிஎன்ஜி, எல்என்ஜி, சிபிஜி: என்ன வேறுபாடு?

மூன்றிலும் எரிவது மீத்தேன் வாயுவே. நிலத்தடியிலிருந்தும் கடலடியிலிருந்தும் கிடைக்கும் இயற்கை எரிவாயுவை 200 முதல் 250 பார் அழுத்தத்தில் உருளைகளில் அடைத்தால் அது சிஎன்ஜி. அதே வாயுவை மைனஸ் 162 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்துத் திரவமாக்கினால் அது எல்என்ஜி. திரவமாகும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 600இல் ஒரு பங்காகச் சுருங்குகிறது. ஆகவே நெடுந்தொலைவு செல்லும் லாரிகளுக்கு எல்என்ஜி பொருத்தமானது. நகருக்குள் ஓடி, இரவில் பணிமனைக்குத் திரும்பும் பேருந்துக்கு சிஎன்ஜி போதுமானது.

சிபிஜி எனப்படும் அழுத்தப்பட்ட உயிரி எரிவாயு, உணவுக் கழிவு, சாணம், சர்க்கரை ஆலைக் கழிவு போன்றவை காற்றில்லாத கலனில் மட்கும்போது கிடைப்பது. கலனிலிருந்து வெளிவரும் வாயுவில் பாதிக்குச் சற்று மேல்தான் மீத்தேன். எஞ்சியதில் பெரும்பகுதி கரியமில வாயு. சிறிதளவு ஹைட்ரஜன் சல்பைடும் ஈரப்பதமும் இருக்கும். இவற்றை நீக்கி, மீத்தேன் அளவை 90 சதவீதத்துக்கு மேல் உயர்த்திய பின், சிஎன்ஜி வாகனத்தில் எந்த மாற்றமும் செய்யாமல் அதைப் பயன்படுத்தலாம்.

நீதிமன்றம் தொடங்கிவைத்த மாற்றம்

டெல்லியின் நகரப் பேருந்துகள் அனைத்தும் சிஎன்ஜிக்கு மாறவேண்டும் என உச்ச நீதிமன்றம் 1998 ஜூலையில் உத்தரவிட்டது. மும்பையில் புகையால் பாதிக்கப்பட்ட குடியிருப்பாளர்களின் அமைப்பு 1999இல் உயர் நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கல் செய்தது. அதன் விளைவாக மாநிலப் போக்குவரத்து ஆணையர் வி.எம். லால் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. பழைய டாக்ஸிகளும் வணிக வாகனங்களும் தூய எரிபொருளுக்கு மாறவேண்டும், இல்லையேல் சாலையை விட்டு விலகவேண்டும் என்ற நிலை அதன் பின்னர் உருவானது.

உத்தரவு மட்டும் இருந்திருந்தால் மாற்றம் நடந்திருக்காது. வாயு கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. கெயில் நிறுவனம், பிரிட்டிஷ் கேஸ், மகாராஷ்டிர அரசு ஆகியவற்றின் பங்கேற்புடன் மகாநகர் கேஸ் நிறுவனம் 1995இல் தொடங்கப்பட்டிருந்தது. பெஸ்ட் நிறுவனத்தின் பணிமனைகள் பலவற்றில் நிரப்பு நிலையங்கள் அமைந்ததால், பேருந்துகள் வாயு தேடி வெளியே அலைய வேண்டியிருக்கவில்லை. 2023 அக்டோபரில் விடைபெற்ற பிரீமியர் பத்மினி டாக்ஸிகளும் தம் இறுதிக் காலத்தில் சிஎன்ஜியில்தான் ஓடின. இன்று மகாநகர் கேஸ் சேவைப் பகுதியில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் இந்த வாயுவைப் பயன்படுத்துகின்றன.

செம்பூர் வழியே வரும் வாயு

மும்பைக்கு மேற்கே அரபிக் கடலில் உள்ள பாம்பே ஹை எண்ணெய் வயல் 1974இல் கண்டறியப்பட்டது. அங்கு எடுக்கப்படும் வாயு உரண் நகரில் கரையேறி, குழாய் வழியே ட்ராம்பேயை அடைகிறது. செம்பூரை ஒட்டிய இப்பகுதியில்தான் ஆர்சிஎஃப் உரத் தொழிற்சாலையும் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் உள்ளன. தொழிற்சாலைப் புகையால் ஒரு காலத்தில் 'கேஸ் சேம்பர்' என்று கேலியாக அழைக்கப்பட்ட செம்பூர், நகருக்குத் தூய எரிபொருள் வரும் வாசலாகவும் அமைந்துள்ளது.

இந்த வாசலின் பலவீனம் 2025 நவம்பரில் தெரிந்தது. ஆர்சிஎஃப் வளாகத்துக்குள் கெயில் நிறுவனத்தின் முதன்மைக் குழாய் சேதமடைந்ததால், மாட்டுங்காவுக்கு அருகே வடாலாவில் உள்ள நகர நுழைவு நிலையத்துக்கு வாயு வரத்து தடைபட்டது. வீடுகளுக்கு முன்னுரிமை அளிக்கப்பட்டதால் சிஎன்ஜி நிலையங்கள் பல மூடப்பட்டன. அன்றாட வருவாயை நம்பி வாழும் ஓட்டுநர்கள் வேலைநேரத்தை வரிசையில் இழந்தனர்.

விலை ஏன் ஏறி இறங்குகிறது?

உள்நாட்டு வயல்களில் கிடைக்கும் மலிவான வாயுவை வீடுகளுக்கும் வாகனங்களுக்கும் மத்திய அரசு முன்னுரிமை அடிப்படையில் ஒதுக்குகிறது. தேவை பெருக, அந்த ஒதுக்கீடு போதாமல் போகிறது. பற்றாக்குறையை இறக்குமதி எல்என்ஜியால் ஈடுகட்ட வேண்டியிருப்பதால் உலகச் சந்தையின் ஏற்ற இறக்கம் ஆட்டோ ஓட்டுநரின் சட்டைப்பைக்கு வந்து சேர்கிறது.

மும்பையில் ஒரு கிலோ சிஎன்ஜி 2022 நவம்பரில் ரூ.89.50ஆக இருந்தது. உள்நாட்டு வாயுவுக்கான விலை முறை மாற்றப்பட்டதும் 2023 ஏப்ரலில் ரூ.79ஆகவும், 2024 மார்ச்சில் ரூ.73.50ஆகவும் குறைந்தது. அதே ஆண்டு அக்டோபர், நவம்பர் மாதங்களில் உள்நாட்டு ஒதுக்கீடு குறைக்கப்பட்டபின் மீண்டும் ரூ.77ஆக உயர்ந்தது.

லாரிகளும் பேருந்துகளும் பிரியும் பாதை

பெஸ்ட் நிறுவனம் தன் பேருந்துகள் அனைத்தையும் மின்சாரத்துக்கு மாற்றும் இலக்கை அறிவித்துள்ளது. 2023 செப்டம்பரில் கடைசி டீசல் இரட்டை அடுக்குப் பேருந்து ஓய்வுபெற்றது. அதற்கு முன்பே, அசோக் லேலண்ட் குழுமத்தைச் சேர்ந்த ஸ்விட்ச் மொபிலிட்டி தயாரித்த மின்சார இரட்டை அடுக்குப் பேருந்துகள் ஓடத் தொடங்கிவிட்டன. தாராவியில் உள்ள காலா கில்லா போன்ற பணிமனைகளில் இனி எரிவாயுக் குழாயைவிட மின்னேற்றக் கருவிகளுக்கே இடம் தேவைப்படும்.

கனரக லாரிகளின் நிலை வேறு. பல நூறு கிலோமீட்டர் ஓடும் லாரியில் பெரிய மின்கலன்களை ஏற்றினால், அவற்றின் எடை சரக்கின் அளவைக் குறைக்கும். இதனால்தான் எல்என்ஜி முன்வைக்கப்படுகிறது. தங்க நாற்கரச் சாலை உள்ளிட்ட நெடுஞ்சாலைகளில் 50 எல்என்ஜி நிலையங்கள் அமைக்க 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. மகாராஷ்டிர மாநிலப் போக்குவரத்துக் கழகமும் சுமார் 5,000 டீசல் பேருந்துகளை எல்என்ஜிக்கு மாற்றும் திட்டத்தை அறிவித்தது. எனினும் நிலையம் இல்லாததால் லாரி வாங்கத் தயக்கம், லாரி இல்லாததால் நிலையம் திறக்கத் தயக்கம் என்ற முடிச்சு இன்னும் முழுமையாக அவிழவில்லை.

மாட்டுங்காவில் 1897இல் இயங்கிய எந்திரம்

கழிவிலிருந்து எரிபொருள் எடுப்பது மும்பைக்குப் புதிதன்று. மாட்டுங்காவில் இருந்த தொழுநோயாளர் இல்லத்தின் கழிவுநீர்த் தொட்டியிலிருந்து வாயுவைச் சேகரித்து, 1897இல் எந்திரம் ஒன்றை இயக்கியதாக உயிரி எரிவாயு வரலாற்று நூல்கள் பதிவு செய்கின்றன. இந்த நிகழ்வுக்கு 1859 என்ற ஆண்டும் பல இடங்களில் தரப்படுகிறது. ஆனால் மாநகராட்சி ஆணையர் எச்.ஏ. ஆக்வொர்த் அந்த இல்லத்தை நிறுவியதே 1890இல்தான் என்பதால், 1897 என்பதே பொருந்துகிறது. ஆக்வொர்த் பெயரைத் தாங்கிய மருத்துவமனை இன்றும் வடாலாவில் உள்ளது.

நூறாண்டுக்குப் பிறகு, ட்ராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் விஞ்ஞானி ஷரத் காலே 'நிசர்க்ருணா' என்ற முறையை உருவாக்கினார். சமையலறைக் கழிவை வெந்நீருடன் அரைத்து, இரண்டு கட்டங்களில் மட்கச் செய்யும் இந்தத் தொழில்நுட்பம் நாட்டின் பல ஊர்களுக்குச் சென்றது.

தேவ்னார் கணக்கு

செம்பூருக்கு அருகே உள்ள தேவ்னார் குப்பைக் கிடங்கு 1927 முதல் இயங்கிவருகிறது. 2016 ஜனவரியில் அங்கு ஏற்பட்ட தீ பல நாட்கள் எரிந்தது. புகை செயற்கைக்கோள் படங்களிலும் தெரிந்தது. மட்கும் குப்பையிலிருந்து வெளியேறும் மீத்தேன் இத்தகைய தீ பரவ முக்கியக் காரணம். 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு புவியைச் சூடாக்கும் அந்த மீத்தேனை, காற்றில் விடாமல் எரிபொருளாக்குவதே சிபிஜி திட்டங்களின் நோக்கம்.

நாளொன்றுக்கு 1,000 டன் வரை ஈரக்கழிவைக் கையாளும் சிபிஜி ஆலை அமைக்க மும்பை மாநகராட்சியும் மகாநகர் கேஸ் நிறுவனமும் 2023இல் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தன. இதற்கான இடமாகத் தேவ்னார் தேர்வு செய்யப்பட்டது. அதே கிடங்கின் 124 ஏக்கர் நிலத்தைத் தாராவி மறுசீரமைப்பில் இடம்பெயர்வோருக்கு வீடுகள் கட்ட ஒதுக்கவும் மாநில அரசு 2024இல் முடிவு செய்தது. ஆகவே அங்கு குப்பை எப்படிக் கையாளப்படும் என்பது செம்பூர்வாசிகளுக்கு மட்டுமன்றி, தாராவி மக்களுக்கும் முக்கியமாகிறது.

ஆலையின் பயன் எவ்வளவு? 2022 பிப்ரவரியில் திறக்கப்பட்ட இந்தூர் ஆலை, நாளொன்றுக்கு 550 டன் ஈரக்கழிவிலிருந்து சுமார் 17 டன் வாயு எடுக்கும் திறன் கொண்டது. அதே விகிதத்தில் 1,000 டன்னிலிருந்து சுமார் 31 டன் கிடைக்கலாம். ஒரு நகரப் பேருந்துக்கு நாளொன்றுக்கு 60 கிலோ வாயு தேவை என வைத்துக்கொண்டால், இது ஏறத்தாழ 500 பேருந்துகளுக்குப் போதும். 10 லட்சம் வாகனங்கள் உள்ள சந்தையில் இது சிறு பங்கே; ஆயினும் இறக்குமதியைச் சாராத பங்கு.

தடை எங்கே?

5,000 சிபிஜி ஆலைகள் என்ற இலக்குடன் மத்திய அரசு 2018 அக்டோபரில் 'சதத்' திட்டத்தைத் தொடங்கியது. அந்த இலக்கு எட்டப்படவில்லை. பின்னர், நகர எரிவாயு நிறுவனங்கள் தம் விற்பனையில் குறிப்பிட்ட பங்கு சிபிஜி கலக்கவேண்டும் என்ற விதி அறிவிக்கப்பட்டது. 2025-26இல் 1 சதவீதம் எனத் தொடங்கி, 2028-29இல் 5 சதவீதமாக அது உயரும்.

வாங்க ஆள் இருந்தும் மூலப்பொருள் சிக்கலாகவே உள்ளது. பிளாஸ்டிக், மணல், கண்ணாடி கலந்த குப்பை, மட்கும் கலனைக் கெடுத்துவிடும். இந்தூர் ஆலை இயங்குவதற்கு அந்நகரில் வீடுகளிலேயே குப்பை தரம் பிரிக்கப்படுவது முக்கியக் காரணம். மும்பையில் அந்தப் பழக்கம் இன்னும் சீராக வேரூன்றவில்லை.

பாதுகாப்பும் கவனத்துக்குரியது. 2023 பிப்ரவரியில் ஒரு மாதத்துக்குள் மூன்று தீ விபத்துகள் நேர்ந்ததையடுத்து, ஒப்பந்த முறையில் ஓடிய 400 சிஎன்ஜி பேருந்துகளை பெஸ்ட் நிறுவனம் தற்காலிகமாக நிறுத்தியது. உருளைகளுக்கு 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை கட்டாயம். குழாயிலோ ஆலையிலோ மீத்தேன் கசிந்தால், சுற்றுச்சூழலுக்குக் கிடைக்கும் நன்மையும் அதற்கேற்பக் குறையும்.

தமிழகத்துக்கு என்ன பொருள்?

சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2024இல் சோதனை முறையில் சிஎன்ஜி பேருந்தை இயக்கத் தொடங்கியது. லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்ற நாமக்கல் மாவட்டத்தின் புதுச்சத்திரத்தில் சிபிஜி ஆலை அமைந்துள்ளது. கோழிப் பண்ணைகளும் சர்க்கரை ஆலைகளும் அருகில் இருப்பதால் மூலப்பொருள் ஓரளவு தரம் பிரிந்த நிலையிலேயே கிடைப்பது அப்பகுதிக்குச் சாதகம். மாநகரக் குப்பையை நம்பும் ஆலைகளுக்கு அந்த வசதி இல்லை. அங்கு எரிபொருள் உற்பத்தி, வீடுகளில் ஈரக்கழிவுக்கெனத் தனிக் கூடை வைப்பதிலிருந்து தொடங்க வேண்டியுள்ளது.