எண்சுவடியும் இற்றைக் கணக்குப் பாடமும்

பழைய வீடுகளின் பரணைத் துழாவினால், கிரயப் பத்திரங்களோடு எண்சுவடி ஒன்றும் அகப்படுதல் உண்டு. செல்லரித்த ஏடென்று அதனை எறிந்துவிடும் நம்மவர், தம் முன்னோர் கணக்குக் கற்ற கருவி அதுவே என்பதை அறியார்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மாணாக்கன் முதற்கண் மணலில் விரலால் எழுதினான். பின்னர் ஓலையில் எழுதினான். சட்டாம்பிள்ளை சொல்ல, மற்றையோர் ஒரே குரலிற் சொல்லினர். 1789 முதல் 1796 வரை சென்னை எழும்பூர் அநாதைப் பிள்ளைகள் விடுதியை நடத்திய ஆண்ட்ரு பெல் பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டு அதனைத் தம் விடுதியிற் கையாண்டார். பின்னர் 'மதராஸ் முறை' என இங்கிலாந்திற் பரப்பினார். புகழ் அவருக்காயிற்று, திண்ணை உபாத்தியாயரைப் பேர் சொல்வார் இலர்.

சுவடியின் உள்ளீட்டைச் சிறிது நோக்குவோம். 320-ல் ஒரு பங்கு முந்திரி. முந்திரி இரண்டு அரைக்காணி. அரைக்காணி இரண்டு காணி. காணி நான்கு ஒரு மா. மா இருபது ஒன்று. 16-ல் ஒரு பங்காகிய மாகாணியை வீசம் என்றும் வழங்குவர். நெல்லிலக்கமோ 360 நெல் ஒரு செவிடு என்று தொடங்கி, ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி எனக் கலம்வரை ஏறும். காலையில் ஓதிய நாழியைப் பிள்ளை மாலையிற் களத்துமேட்டிற் கண்ணாரக் கண்டான். ரூபாய்க்கு 16 அணா ஆதலின், ரூபாயில் வீசமாவது அணா என்று கடைத்தெருவே கற்பித்தது. அச்சுவடியின் உயிர் இதுவே என்போம், நெட்டுரு அன்று.

நெட்டுருவின் குறையையும் சொல்லல் வேண்டும். 'ஏன்' என்று வினவிய பிள்ளைக்குப் பெரும்பாலும் பிரம்பே விடை. அன்றியும், அப்பள்ளிகளிற் பெண்மக்கள் மிகச் சிலர். தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளுக்கோ அத்திண்ணை பெரும்பாலும் எட்டவேயில்லை. பழம்பெருமை பேசுங்கால் நம் சங்கத்தார் இதனை மறைத்தல் தகாது.

1957 ஏப்ரலில் ரூபாய் 100 நயா பைசாவாயிற்று. 1962-ல் சேரும் வீசையும் நீங்கிக் கிலோ சட்டமாயிற்று. படிக்கும் அக்கதியே நேர்ந்தது. வாணிகத்துக்கு இது நன்மையே. ஆயினும் வீசம் தன் அணாவை இழந்தது. பின்னம் தெருவை விட்டுப் புத்தகத்துட் புகுந்தது. அங்கே அதற்கு நிழலிட்ட வட்டமே துணை. 2024-ல் நாடெங்கும் கிராமப் பிள்ளைகளிடை நடந்த 'அசர்' ஆய்வில், எட்டாம் வகுப்பினருட் பாதிக்கும் குறைந்தோரே மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தனர். உயர்நிலை வகுப்பில் இயற்கணிதம் கசத்தற்கு வேர் இங்கேதான் உளது.

சுவடியை மீட்க வேண்டுமென்பது எம் கருத்தன்று. முந்திரி போயிற்று, போகட்டும். 1895-ல் மலையைக் குடைந்து பெரியாற்று நீர் இறங்கியபின் நெல்லும், பிற்காலத்தே திராட்சையும் செழித்த கூடலூரில் அளவைக்குப் பஞ்சமோ? 10 கிலோத் திராட்சையிற் கழிவு 400 கிராம் எனின் அஃது எத்தனையில் ஒரு பங்கு என்று கேளுங்கள். தோட்டக்காரர் மகள் கரும்பலகையை நோக்காமலே 25 என்பாள். கழிவு 'க' கிராம் எனின் யாது என்று அடுத்து வினவுக, இயற்கணிதம் தொடங்கிவிட்டது. அத்தராசை வகுப்பறைக்குத் தந்துதவப் பெற்றோர் இசைதல் வேண்டும். வாரத்தில் ஒருநாள் போதும்.